நாற்பத்து மூன்று

லேண்ட்மாஸ்டரின் டிக்கியை
முத்தியால்பேட்டையில் மூன்று இரவு அடுக்கினோம்.

மெஹருன்னிசா ஜிப்மரில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்.
கணக்கு சரியாகாமல் யார் வயிற்றையும் தைக்க விடமாட்டாள்.
கத்தரி, பஞ்சு, ஊசி என்று எண்ணிப் பழகியவள்
எங்கள் வீட்டுத் தரையில் சாக்பீஸால் எழுதினாள்:
ஃபேன் பெல்ட் ரெண்டு, ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று,
பிளக் நாலு, பாயின்ட் செட், கண்டன்சர்,
மண்ணெண்ணெய் ஸ்டவ், அதற்குப் பின்.
மொத்தம் நாற்பத்து மூன்று,
அவளுடைய மூட்டுவலித் தைலத்தையும் சேர்த்து.

குமரி வரைக்கும் கீழே போய்
அங்கிருந்து மேற்குக் கரையோரமாகவே கோவா.
வண்டிக்கு எழுபது நெருங்குகிறது.
ஒவ்வொரு பெட்டி ஏறும்போதும்
பின் ஸ்பிரிங் பட்டைகள் ஒரு பெருமூச்சு விட்டன.
ஆளுக்கு நாலு சட்டைதான் என்றேன்.
ஜெரார் ஐந்தாவதை ஆறாவதன் மேல் போட்டுக்கொண்டு வந்தான்.

பொருளை அடுக்கிவிடலாம்.
ஜெராரையும் புருஷோத்தையும் எப்படி அடுக்குவது?
ரெண்டு வருஷமாகப் பேச்சில்லை.
ஒரு கார்புரேட்டர். இரவல் போனது, திரும்பி வந்தது.
உள்ளே ஜெட் வேறு என்றான் ஜெரார்.
கழற்றவே இல்லை என்றான் புருஷோத்து.
வெறுத்துப்போய் அதை என்னிடம் விற்றான்.
இந்த வண்டியில் இருப்பது அதுதான்.

ஒருவனை ஸ்டியரிங்கில் வைத்தேன்.
இன்னொருவனைப் பின்னால், இடது ஓரம்.
பக்கத்தில் இருபது லிட்டர் தண்ணீர் கேன்,
அதன் மேல் முறுக்கு டின்.
கண்ணாடியில்கூட ஒருவன் முகம் இன்னொருவனுக்குப் படாது.

விடியுமுன் கிளம்பி
அரியாங்குப்பம் தாண்டி, கிருமாம்பாக்கம் தாண்டி
ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் கை காட்டினார்கள்.
பாண்டி வண்டி. பழைய வண்டி. தாழ்ந்து தொங்கும் டிக்கி.
வேறென்ன வேண்டும்?

"இறக்குங்க."
மூன்று இரவுகள்
ஆறே நிமிடத்தில் ரோட்டோரம் பரவிக் கிடந்தன.

ஏட்டு குனிந்து எடுத்தது சரியாக அதை.
பிராந்தி பாட்டில்தான். உள்ளே பிரேக் ஆயில்.
சொன்னோம். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.
மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றவள்
"ஒரு வாய் குடிச்சுப் பாரு சார், தெரிஞ்சிடும்" என்றாள்.

திரும்ப அடுக்கினோம். சாக்பீஸ் கோடு வீட்டிலேயே இருந்தது.
கண்ணில் பட்டதை முதலில் திணித்தோம்.
"நாப்பத்திரண்டு" என்றாள் மெஹருன்னிசா.
ஏட்டு பாட்டிலை நீட்டினார்.
"இதோ, நாப்பத்து மூணு!"
ஏட்டு உட்பட எல்லோரும் சிரித்தோம்.
"அதையும் சேர்த்துத்தான் எண்ணினேன்" என்றாள்.
யார் காதில் விழுந்தது?
குமிழை இழுத்ததும் செல்ஃப் சுற்றி
எஞ்சின் பிடித்துக்கொண்டது, முதல் இழுப்பிலேயே.
இந்த வருஷத்தில் அது இரண்டாவது தடவை.
அந்தச் சந்தோஷத்தில் யாரும் எதையும் தேடவில்லை.

கெடிலம் போனது. ஓ.டி.யின் கருவாட்டு வாசனை போனது.
சிப்காட்டின் பெயர் தெரியாத வாசனை
கண்ணாடியை ஏற்றிய பிறகும் கொஞ்ச தூரம் கூட வந்தது.

புதுச்சத்திரத்தில் டீக்கடை.
நான் இறங்கிவிட்டேன்.
அவள் உள்ளேயே விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்.
மோதிர விரலில் நின்றாள்.
"ஹாண்டில்."

முன்னால் செருகிச் சுழற்றும் அந்த இரும்பு.
செல்ஃப் முரண்டுபிடிக்கும் நாளெல்லாம் அதுதான் எங்கள் சாவி.
ஆல்பேட்டையில், மதகுக் கட்டையின் மேல்.
வைத்தது நான். உருண்டு தொலையக் கூடாதென்று
இரண்டு கல் வேறு அண்டைகொடுத்து வைத்தேன்.

இது தெரியாத ஜெராரின் கை
அதற்குள் சாவிக்குப் போயிருந்தது.
முறுக்கு டின்னுக்கு மேலே கழுத்தை நீட்டி
புருஷோத்து சொன்னான்:
"அணைச்சிடாத."

ஜெரார் திரும்பவில்லை.
கையை மட்டும் எடுத்தான்.
கொஞ்ச நேரம் கழித்து, ரோட்டைப் பார்த்து,
"இந்த ஜெட்டுக்கு ஐடில்ல நிக்காது."

"நிக்கும். கால எடு."

எடுத்தான்.
சத்தம் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது.
ஒரு துடிப்பு விட்டுப்போய்
மெஹருன்னிசா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஜன்னல் வழியாக நான் நீட்டிய கிளாஸை
பானெட்டின் மேல் வைக்கச் சொன்னான் புருஷோத்து.
வைத்தேன்.
டீயில் வட்டம் வட்டமாக நடுங்கியது,
நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.